பொட்டலில் இறங்கிய விமானம்

எனக்கு இந்தி தெரியும் என்பதுதான் நான் அந்த இடத்துக்குப் போனதற்கு ஒரே காரணம். அப்பா ரயில்வேயில் நாக்பூரில் வேலை பார்த்தார். பத்தாம் வகுப்பு வரை அங்கேதான் படித்தேன். கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்கு வந்த பிறகு, அந்த இந்தியை வைத்துக்கொண்டு வீட்டில் டியூஷன் எடுத்தேன். என் கணவர் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஒர்க்‌ஷாப் ஃபிட்டர்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம் பருத்தியில் காய்ப்புழு கட்டுக்கடங்காமல் போய்விட்டது. முதுகில் ஸ்ப்ரேயரை மாட்டிக்கொண்டு எத்தனை பேர் அடித்தும் தீரவில்லை. விமானத்திலிருந்து மருந்து தெளிக்கிற ஒரு கம்பெனியை வரவழைத்தார்கள். பூச்சிமருந்தை எங்கள் பக்கம் மருந்து என்றுதான் சொல்வோம். வந்தவர்கள் இரண்டு பேர், ஒரு பைலட்டும் ஒரு மெக்கானிக்கும். இருவருமே வடக்கே உள்ளவர்கள். பைலட் பஞ்சாப், மெக்கானிக் பீகார். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, இங்கே விவசாயிகளுக்கு இந்தி தெரியாது. என்னிடம் படித்த ஒரு பெண்ணின் அப்பாவுக்குச் சோழபுரத்தில் நிலம் இருந்தது. அவர் வீடு தேடி வந்து கேட்டார்.

"டீச்சரம்மா, ஒரு பத்து நாளைக்கு நீங்க வந்து ரெண்டு பக்கமும் பேசிக் குடுத்தாப் போதும். ஜீப்பு வரும், ஜீப்புலயே கொண்டாந்து விட்டுருவோம்."

நான் கணவரைப் பார்த்தேன். "போயிட்டு வா. பிளேனப் பக்கத்துல பார்த்த மாதிரியும் இருக்கும்" என்றார்.

சோழபுரத்துக்குக் கிழக்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் ஒரு நீளமான பொட்டல். அதில் கிடந்த வேலிமுள்ளை வெட்டி, மேடுபள்ளம் நிரவி, இரண்டு ஓரமும் சுண்ணாம்பு அடித்த கற்களை வரிசையாக வைத்திருந்தார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க ஒரு கம்பில் வெள்ளை வேட்டித் துணி. அவ்வளவுதான் விமான நிலையம். மருந்து கலக்கத் தண்ணீர் லாரி ஒன்று, டீசல் டிரம்மைப் போன்ற மருந்து டிரம்கள், மெக்கானிக்குக்கு ஒரு கூடாரம். விமானம் மஞ்சள் நிறம். ஒரே ஆள் உட்காரக்கூடியது. பைலட்டுக்கு முன்னால், எஞ்சினுக்குப் பின்னால், மருந்துத் தொட்டி.

பைலட்டுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். என்னை முதல் நாளே 'பெஹன்ஜி' என்று கூப்பிட்டார். சகோதரி என்று அர்த்தம். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் கணக்கில் மோசம் என்று சொல்லிச் சிரிப்பார். தோசைக்குச் சீனி தொட்டுக்கொள்வார். ஒவ்வொரு நாளும் இறங்கியதும் விவசாயிகள் அவரைச் சூழ்ந்துகொண்டு, "பூச்சி செத்துச்சா? எம்புட்டுச் செத்துச்சு?" என்று கேட்பார்கள். வானத்திலிருந்து அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் அவர் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். இறங்கும்போதே கையை விரித்து, "பூச்சி செத்து, எல்லாம் செத்து" என்பார். கூட்டம் சிரிக்கும்.

நான்கு நாள் இப்படி ஓடியது. விடியற்காலையில் காற்று இல்லாதபோது வேலை. ஒன்பது மணிக்கு மேல் காற்று எழும்பிவிட்டால் நிறுத்திவிடுவார்.

நான்காம் நாள் சாயங்காலம், காலம் தப்பி ஒரு மழை. பலத்த மழை இல்லை, தூறல்தான், ஆனால் விடாமல் இரண்டு மணி நேரம் தூறியது. மறுநாள் காலை நான் போய் இறங்கியபோது, பொட்டலின் கிழக்குக் கடைசியை ஒட்டி நிலம் வைத்திருந்த பெரியவர் எனக்காகக் காத்திருந்தார்.

"டீச்சரம்மா, கெழக்குக் கடைசில மண்ணு பொதபொதன்னு கெடக்கு. மேல பார்த்தாத் தெரியாது. கால வச்சா உள்ள வாங்குது. அவியகிட்டச் சொல்லிருங்க."

பைலட் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். நான் போய், "கிழக்குக் கடைசியில் மண் ஈரமாக இருக்கிறதாம்" என்றேன். இந்தியில் 'கீலி' என்று ஒரு சொல். ஈரம். அதைத்தான் சொன்னேன். பொதபொதவென்பதற்கு அந்த நேரம் எனக்கு வேறு சொல் வாயில் வரவில்லை. உள்ளே வாங்குது என்பதையும் சொல்லியிருக்கலாம். பெரியவர் சொன்னது மூன்று வாக்கியம், நான் சொன்னது ஒன்று. ஜீப் டிரைவர் பின்னாலிருந்து, மருந்து விழாமல் கிணறுகளை மூடச் சொல்லணுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் அதற்குத் திரும்பிவிட்டேன்.

பைலட் தலையை ஆட்டினார். பாதி தூரம் நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "மேற்குப் பாதி நன்றாக இருக்கிறது. அது எனக்குப் போதும்" என்றார்.

முதல் தடவை போய், தெளித்து, நல்லபடியாக இறங்கினார். மறுபடி தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பினார். எட்டரை மணி இருக்கும். அவர் போன கொஞ்ச நேரத்தில் கம்பில் கட்டிய துணி விறைத்து நின்று அடிக்கத் தொடங்கியது. மெக்கானிக் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். போன வேகத்தில் விமானம் திரும்பி வந்தது. பாதி மருந்தைக்கூட அடிக்கவில்லை. அந்தக் காற்றில் தெளித்தால் மருந்து ஊருக்குள் போய் விழும் என்று திரும்பியிருக்கிறார். அதைப் பிறகுதான் மெக்கானிக் எனக்குச் சொன்னார். அப்போது நாங்கள் பார்த்ததெல்லாம், விமானம் வழக்கத்தைவிடக் கனமாக, வழக்கத்தைவிட வேகமாக இறங்கி வந்ததுதான்.

ஒரு தடவை தரையைத் தொட்டு எழும்பியது. மறுபடி தொட்டபோது பாதிப் பொட்டலைத் தாண்டிவிட்டது. எங்களைக் கடந்து கிழக்கே ஓடியது. வேகம் குறைந்துகொண்டுதான் வந்தது. நின்றுவிடும் என்றே நினைத்தேன். அப்போது வலது சக்கரம் மண்ணுக்குள் இறங்கியது. விமானம் ஒரு பக்கமாகச் சுழன்று, மூக்கைத் தரையில் குத்தி, வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. பெரிய சத்தம்கூட இல்லை. தகர டப்பாவை மிதித்தது போல ஒரு சத்தம், அவ்வளவுதான்.

மெக்கானிக் ஓடினார். நானும் ஓடினேன். ஐம்பது அறுபது பேர் ஓடினோம். பக்கத்தில் போனதும் மருந்து நெடி மூக்கில் ஏறியது, அதோடு பெட்ரோல் வாசனை. மெக்கானிக் திரும்பிக் கத்தினார். நான் அதைத் தமிழில் கத்தினேன். "பீடியைக் கீழே போடுங்க. யாரும் தீப்பெட்டியத் தொடாதீங்க. பெட்ரோல் ஒழுகுது." ஒருவர் பயத்தில் பீடியைப் பெட்ரோல் கசிந்த மண்ணிலேயே போடப் போக, இன்னொருவர் அதைக் கையால் பிடித்து நசுக்கினார்.

பைலட் நினைவோடுதான் இருந்தார். நெற்றியில் மட்டும் ரத்தம். ஆனால் முன்பக்கம் முழுவதும் அவர் மேல் நசுங்கி வந்திருந்தது. இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே உள்ளே மாட்டிக்கொண்டிருந்தன. தொட்டி பிளந்து மருந்து அவர் மார்பிலும் மடியிலும் வடிந்துகொண்டிருந்தது.

மெக்கானிக் அவர் சட்டையைக் கிழித்தார். "தண்ணீர், தண்ணீர், நிறுத்தாமல் ஊற்றச் சொல்லுங்கள். மருந்து தோல் வழியாகவே உள்ளே போகும்." நான் சொன்னேன். லாரியிலிருந்து குடம் குடமாக, வாளி வாளியாகக் கை மாறி வந்தது. கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை. அந்தப் பெரியவரும் இன்னொருவரும் வெறுங்கையால் அவர் மார்பைத் தேய்த்துக் கழுவினார்கள்.

பக்கத்தில் எங்கும் போன் கிடையாது. ஜீப் டிரைவரை ராஜபாளையத்துக்கு அனுப்பினோம். மில்லுக்குப் போய் என் கணவரிடம் சொல்லி, இரும்பு வெட்டுகிற சாமான்களோடு கூட்டிவரவேண்டும். வழியில் ஒரு டாக்டரையும் ஏற்றிக்கொண்டு வரவேண்டும். என்ன மருந்து பட்டது என்று டாக்டருக்குத் தெரிய, டிரம்மில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்துக் கொடுத்தோம்.

அதன் பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. நான் இறக்கையின் மேல் ஏறி அவர் தலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பெஹன்ஜி, என் கால் எப்படி இருக்கிறது?"

"தெரியவில்லை. உள்ளே இருக்கிறது."

"அவர்கள் என்ன பேசுகிறார்கள்?"

கீழே ஒருவர், "ரெண்டு காலும் போச்சு. மருந்து வேற உள்ள போயிருச்சு. மதுர வரைக்கும் தாங்க மாட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான், "ஜீப் வந்துவிடும் என்கிறார்கள்" என்றேன்.

"அவ்வளவு நேரம் பேசியதற்கு இவ்வளவுதான் அர்த்தமா?" என்று கேட்டார். நான் அவர் நெற்றி ரத்தத்தைத் துடைத்தேன்.

பெரியவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் தோளைத் தட்டினார். "செத்த நேரம் பொறுத்துக்கிடுங்கய்யா. செத்த நேரந்தான்."

பைலட் என் பக்கம் சட்டென்று திரும்பினார். "யார் செத்தது?"

"யாரும் இல்லை. கொஞ்ச நேரம் என்று அர்த்தம். எங்கள் ஊரில் கொஞ்ச நேரத்தை அப்படித்தான் சொல்லுவோம்."

அவர் என் முகத்தையே பார்த்தார். நம்பவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நான் சொன்ன பொய்யை அவர் பிடித்திருந்தார், அதனால் இப்போது சொன்ன உண்மை எடுபடவில்லை. கீழே திரும்பி, "அந்த வார்த்தையச் சொல்லாதீங்க" என்று பெரியவரிடம் சொன்னேன். அவருக்கு என்ன தப்பாகப் பேசினோம் என்று புரியவில்லை. கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

அரைமணி நேரத்தில் பைலட்டுக்கு வேர்த்துக் கொட்டத் தொடங்கியது. தண்ணீரா வேர்வையா என்று தெரியாத அளவுக்கு. வாயிலிருந்து எச்சில் நிற்காமல் வழிந்தது. கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கிவிட்டது. மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டு இன்னொரு வாளியை வாங்கி ஊற்றினார். நான் என் முந்தானையால் பைலட்டின் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

பத்து மணி போல என் கணவர் வந்தார். மில் வேனில் கேஸ் கட்டிங் செட், ஜாக்கி, கடப்பாரை எல்லாம் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். பின்னாலேயே ஜீப்பில் ஒரு டாக்டர். கேஸ் சிலிண்டரை இறக்கியதைப் பார்த்ததும் மெக்கானிக் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே போய் நின்றார். நான் சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை. என் கணவர் தரையைப் பார்த்தார், மண்ணை எடுத்து முகர்ந்தார்.

"பெட்ரோலு. நெருப்பு வைக்க முடியாது" என்றார். "இது மட்டும் இல்லேன்னா பத்து நிமிசத்துல எடுத்துருவேன்."

சிலிண்டரைத் திருப்பி ஏற்றிவிட்டு ஹாக்ஸா ரம்பத்தை எடுத்தார். மெக்கானிக்கும் அவரும் நசுங்கிய சட்டத்துக்கு அடியில் தலையைக் கொடுத்துப் படுத்தார்கள். ஹாக்ஸா, பிளேடு, ஜாக்கி, பைப், டைட், லூஸ். இரண்டு பேருக்கும் இந்த வார்த்தைகள் போதுமாக இருந்தன. நான் வாயைத் திறக்கவேண்டிய அவசியம் இல்லாமல் போனது. பிளேடு ஒடியும், இன்னொன்று மாட்டுவார்கள், அதுவும் ஒடியும். இரும்பை அறுக்கும்போது விமானம் முழுவதும் அதிர்ந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் பைலட்டின் தாடை இறுகியது.

டாக்டர் ஊசி போட்டார். காலை எடுத்தால்தான் மற்றதைப் பார்க்கமுடியும் என்றார். அவரும் நின்றார். எல்லோரும் நின்றோம். குடத்தில் தண்ணீர் மட்டும் வந்துகொண்டே இருந்தது. அதை நிறுத்தினால் நாங்கள் எதுவுமே செய்யவில்லை என்று ஆகிவிடும் போலிருந்தது.

அந்த நேரத்தில்தான் பைலட்டின் பேச்சு மாறியது. இந்தி நின்றுபோய் அவருடைய சொந்த பாஷையில் பேசத் தொடங்கினார். நாக்கு தடித்துவிட்டதால் பாதிதான் வெளியே வந்தது. மெக்கானிக்கைக் கேட்டேன். அவருக்கும் பஞ்சாபி தெரியாது. ஒரே ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப எனக்குக் கேட்டது. "பாலா... பாலா..."

"என்ன கேக்காரு?" என்றார்கள் கீழே.

"பால் கேட்கிற மாதிரி இருக்கு" என்றேன். டீக்கடையில் அவர் அந்தச் சொல்லைப் பழகியிருந்தார்.

"வெசத்துக்குப் பாலு நல்லதுதான" என்று ஒருவர் ஊரைப் பார்த்து ஓடினார். சொம்பு நிறையப் பாலோடு மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். டாக்டர் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது என்று தடுத்துவிட்டார். ஓடி வந்தவர் சொம்பை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். பைலட் இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் இன்னொரு குடத்தை அவர் மேல் ஊற்றினோம்.

பதினொன்றரை மணிக்குக் கால்களை வெளியே எடுத்தார்கள். நான் பார்க்கவில்லை. மில் வேனில் பலகை போட்டு அவரைப் படுக்கவைத்து, ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் முதல் சிகிச்சை முடித்து, மதுரைக்குக் கொண்டுபோனார்கள். வேனில் மெக்கானிக்கும் டாக்டரும் போனார்கள். எனக்கு இடம் இல்லை.

என் கணவருக்கு அன்று சாயங்காலமே கையெல்லாம் எரிச்சல், வாந்தி. கழுவிவிட்ட இரண்டு பேருக்கும் அப்படித்தான். இரண்டு மூன்று நாளில் சரியானது. கணவர் படுத்தபடியே, "நல்ல பிளேடு ஒரு டஜன் கையில இருந்திருந்தா ஒரு மணி நேரம் முன்னாடி எடுத்திருக்கலாம்" என்றார். அதற்குப் பிறகும் பல தடவை அதைச் சொல்லியிருக்கிறார். நான் 'கீலி' என்கிற என்னுடைய ஒற்றை வார்த்தையைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பைலட் இறந்துவிட்டார்.

அவருடைய மனைவியும் மைத்துனரும் ரயிலில் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மெக்கானிக் ஆள் அனுப்பி என்னை மதுரைக்கு வரச் சொன்னார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அந்த அம்மாவோடு உட்கார்ந்து, டாக்டர்கள் சொன்னதை இந்தியில் சொன்னேன், அவர் கேட்டதைத் தமிழில் சொன்னேன். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் என்னிடம் கேட்டார்.

"கடைசியாக என்ன பேசினார்?"

"உங்கள் பாஷையில் பேசினார். எனக்குப் புரியவில்லை. பால் கேட்டார் என்று நினைத்தோம். பாலா, பாலா என்றார். எங்கள் பாஷையில் அது பால்."

"பாலா என்றால் குளிர்" என்றார். "குளிருகிறது என்று சொல்லியிருக்கிறார்."

மூன்று மணி நேரம் நாங்கள் தண்ணீர் ஊற்றியதை நான் அவரிடம் சொன்னேன். ஊற்றித்தான் ஆகவேண்டியிருந்தது என்றும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். ஒரு போர்வையை, ஒரு துண்டை, தோளிலாவது போட்டிருக்கலாமே என்று அவர் சொல்லவில்லை. நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்றார் அவர். மைத்துனரை மதுரையில் விட்டுவிட்டு, மறுநாள் மெக்கானிக்கோடு ஒரு வாடகைக் காரில் சோழபுரம் போனோம். விமானம் அப்படியே நின்றது. வாலில் காக்கை உட்கார்ந்திருந்தது. செய்தி கேட்டு முப்பது நாற்பது பேர் வந்துவிட்டார்கள். யாரும் கிட்டே வரவில்லை. பெண்கள் சிலர் மட்டும் வந்து அந்த அம்மாவின் பக்கத்தில் நின்றார்கள். பிறகு அந்தப் பெரியவர் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்து, அந்த அம்மாவைக் கும்பிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"தாயி, இது என் பிஞ்சை ஓரம். இந்த மண்ணு பொதபொதன்னு கெடந்தது எனக்குத் தெரியும். அன்னைக்குக் காலைல டீச்சரம்மாகிட்டச் சொன்னேன். கால வச்சா உள்ள வாங்குதுன்னு சொன்னேன். அவியளும் போய் அய்யாகிட்டச் சொன்னாக. நான் நேர்ல கூட்டிட்டுப் போயிக் காட்டியிருக்கணும். சொன்னதோட விட்டுட்டேன். என்னைய மன்னிச்சிரு தாயி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொல்லவேண்டும் அல்லவா. வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். அங்கே இரண்டு பாஷையும் தெரிந்தவர்கள் வேறு யாரும் இல்லை, மெக்கானிக்கும் தள்ளி நின்றார். ஆனால் நான் அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் அப்படியே சொன்னேன், என்னிடம் சொன்னதையும் சேர்த்து. உள்ளே வாங்குகிறது என்பதற்கு இந்தியில் சொல் இருக்கிறது. அன்றைக்கு அது சரியாக வந்தது.

அந்த அம்மா கேட்டார். "நீங்கள் அவரிடம் என்ன சொன்னீர்கள்?"

"மண் ஈரமாக இருக்கிறது என்றேன்."

"ஈரம் என்று மட்டுமா?"

"ஆமாம்."

அவர் அந்தச் சக்கரம் இறங்கிய பள்ளத்தைப் பார்த்தார். அதில் தண்ணீர் கோர்த்து மேலே ஏடு படிந்திருந்தது. பெரியவர் இன்னும் கும்பிட்ட கையை இறக்கவில்லை. அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். என்னை எதுவும் சொல்லவில்லை. கோபமாகவும் இல்லை. எனக்குத்தான் அவர் ஏதாவது சொல்லித் திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது. மெக்கானிக் அருகே வந்து, "அவர் தானே நடந்துபோய்ப் பார்த்தார் பெஹன்ஜி. பாதியில் திரும்பியது அவர். கனத்தோடு இறங்கியதும் அவர்" என்றார். நல்ல மனிதர். அந்த அம்மாவின் காதிலும் விழும்படிதான் சொன்னார். அந்த அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பும்போது காரில் என்னைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார். மடவார் வளாகத்தில் என்னை இறக்கிவிட்டபோது, குடிக்கத் தண்ணீர் கேட்டார். வீட்டுக்குள் ஓடிப் போய்க் கொண்டுவந்து கொடுத்தேன். காரில் இருந்தபடியே குடித்துவிட்டு, டம்ளரைத் திருப்பிக் கொடுத்து, "வருகிறேன்" என்றார்.

மெக்கானிக் இன்னும் ஒரு வாரம் இருந்து, விமானத்தைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். போகும் முன் பைலட் வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து நான் அந்த அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நாலைந்து தடவை எழுதிக் கிழித்த பிறகு, நல்ல இந்தியில், நடந்தது முழுவதையும் எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை. கடிதம் போய்ச் சேர்ந்ததா என்றும் தெரியாது. தொண்ணூறுகளில் ஒரு முறை அதே விலாசத்துக்கு பைலட்டின் மூத்த பெண்ணின் பெயரைப் போட்டு இன்னொன்று எழுதினேன். அந்த விலாசத்தில் ஆள் இல்லை என்று முத்திரை குத்தி அது திரும்பி வந்தது.